பன்னிரண்டாம் குழி

கரட்டுப்பட்டியில் யாரும் எதற்கும் அவசரப்பட முடியாது. கிணறு வெட்டுவதானாலும், பெண்ணைக் கட்டிக் கொடுப்பதானாலும், மேகமலைத் தோட்டத்துக்கு வேலைக்கு ஏறுவதானாலும், உடம்பில் கத்தி வைப்பதானாலும், முதலில் பாறைக்காரி ஆத்தாளிடம் முத்துப் போட்டு உத்தரவு கேட்க வேண்டும். ஆத்தாளோ சாமானியத்தில் வாய் திறக்கிறவள் இல்லை. கரட்டுப்பட்டி மாப்பிள்ளைக்கு உத்தரவு வருவதற்குள் முன்தலை வழுக்கையாகிவிடும் என்று சின்னமனூர்க்காரர்கள் கேலி பேசுவார்கள். கேலி பேசிவிட்டு, தங்கள் வீட்டில் ஒரு கஷ்டம் என்றால் சத்தமில்லாமல் இங்கேதான் வந்து நிற்பார்கள், அது வேறு விஷயம்.

முத்து என்றால் புளியமுத்து. பன்னிரண்டு புளியங்கொட்டைகளை எடுத்து ஒரு பக்கத்தை மட்டும் கல்லில் உரசி வெள்ளையாக்கியிருப்பார்கள். தாயம் விளையாடுகிற பெண்கள் செய்வார்களே, அதேதான். மறுபக்கம் கருப்பு. வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் பூசாரி அவற்றை உள்ளங்கையில் குலுக்கிச் சுளகில் போடுவார். ஒன்பதோ அதற்கு மேலோ வெள்ளை விழுந்தால் செய்யலாம். மூன்றோ அதற்குக் கீழோ விழுந்தால் செய்யக் கூடாது. இடையில் விழுந்தால் ஆத்தா பேசவில்லை, அடுத்த வெள்ளிக்கிழமை வர வேண்டியதுதான். ஒரு காரியத்துக்கு ஒரு வெள்ளிக்கு ஒரு தடவை. அவசரப்பட்டு இரண்டாம் தடவை போட்டவனுக்குக் கண் போய்விடும் என்று ஊர் நம்பியது.

கோவிலுக்குப் பின்னால், பாறையில் வரிசையாகப் பதின்மூன்று குழிகள். எந்தக் காலத்தில் யார் வெட்டினார்களோ. முதல் குழி ஒரு வெள்ளைகூட விழாததற்கு, அடுத்தது ஒன்றுக்கு, அப்படியே போய்க் கடைசிக் குழி பன்னிரண்டும் வெள்ளையாக விழுந்ததற்கு. அதனால் கடைசிக் குழிக்குப் பன்னிரண்டாம் குழி என்றே பெயர். முத்து விழுந்ததும், கேட்க வந்தவர் ஆற்றிலிருந்து எடுத்து வந்த கூழாங்கல்லை அந்த எண்ணிக்கைக்கான குழியில் போட்டுவிட்டுப் போக வேண்டும். தலைமுறை தலைமுறையாகப் போட்டதில் நடுக்குழிகள் நிரம்பி வழிந்து, முழங்கால் உயரத்துக்குக் கல் குவிந்துவிட்டது. அங்கிருந்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சரிந்து சரிந்து, ஓரக் குழிகளில் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் கல் கிடக்கும். ஊர் அதை ஆத்தா குன்று என்றது. ஆத்தாளுக்கு ஊர்மேல் கோபம், அதனால்தான் பேசாத கல்லாகவே குவிகிறது என்று பெரியவர்கள் வருத்தப்பட்டார்கள்.

பூசாரி ஒச்சாண்டிக்கு ஒரே மகள் ராஜாத்தி. அவளை அக்காள் மகன் வேலுச்சாமிக்கே கட்டிக் கொடுத்திருந்தார். அந்தக் கல்யாணத்துக்கும் ஆத்தா நன்றாகக் காக்க வைத்தாள்.

வேலுச்சாமிக்கு வேலை சர்க்கார் நெல் பண்ணையில். மதுரை ரயில் தேனிக்கும் போடிக்கும் ஓட ஆரம்பித்துச் சில வருஷம் கழித்து வந்த பண்ணை அது. அங்கே அவன் செய்ததைச் சொன்னால் கரட்டுப்பட்டியில் சிரிப்பார்கள். நெற்கதிரில் எத்தனை மணி என்று எண்ணுவதற்குச் சம்பளம் வாங்கினான். எண்ணிய கதிரைக் களத்தில் வரிசை வரிசையாக அடுக்க வேண்டும். குறைந்த மணிக் கதிர்கள் இந்த ஓரம், நிறைந்த மணிக் கதிர்கள் அந்த ஓரம், இடைப்பட்டவை இடையில். முதல் போகம் எண்ணி முடித்து நிமிர்ந்து பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். களத்தில் கிடந்தது ஆத்தா குன்று.

கோயம்புத்தூரில் படித்துவிட்டு வந்த பண்ணை அதிகாரி அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னப்பா அப்படிப் பாக்கிற? எதை எண்ணினாலும் இப்படித்தான் விழும். ஒரு கதிர் நல்லா வர்றதுக்குத் தண்ணி, வெயில், எரு, விதைன்னு நூறு காரணம். ஒண்ணு தூக்கிவிடும், ஒண்ணு இறக்கிவிடும். எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம் தள்ளுறது அபூர்வம். அதனால நடுவுல கூட்டம், ஓரத்துல ஒண்ணு ரெண்டு. இங்கிலீஷ்ல இதுக்கு நார்மல்னு பேரு. நார்மல்னா சரியானதுன்னு அர்த்தம் இல்லை. தானா விழுந்தா இப்படி விழும்னு அர்த்தம். அவ்வளவுதான்."

மறு போகத்தில் இன்னொரு கூத்து நடந்தது. கூட வேலை பார்த்த சின்னக்கருப்பு, அதிகாரி சந்தோஷப்படட்டும் என்று, வயலில் தளதளவென்று நின்ற கதிர்களாகப் பார்த்துப் பார்த்து ஒடித்து வந்துவிட்டான். அடுக்கி வைத்த களத்தை அதிகாரி ஒரு பார்வைதான் பார்த்தார். நிறைந்த மணிக் கதிர்களின் பக்கத்தைக் காட்டி, "இந்த ஓரத்துல கூட்டம் ஜாஸ்தி. யாரோ கை வெச்சிருக்கீங்க" என்றார். சின்னக்கருப்பு அதற்குப் பிறகு அவரைப் பார்த்தாலே ஜோசியக்காரரைப் பார்ப்பது போல ஒதுங்கிப் போனான்.

அந்த வெள்ளிக்கிழமை வேலுச்சாமி கோவிலுக்குப் பின்னால் போய்க் குழிகளை நின்று பார்த்தான். பன்னிரண்டு முத்து, ஒவ்வொன்றும் தன்பாட்டுக்கு வெள்ளையோ கருப்போ விழுகிறது. ஆறு பக்கம்தான் கூட்டம் சேரும். ஆத்தாளுக்குக் கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு விஷயம் மட்டும் கண்ணை உறுத்தியது. இடதுகோடிக் குழி, ஒரு வெள்ளையும் விழாத குழி, காலியாகக் கிடந்தது. அது நியாயம்தான். வலதுகோடிப் பன்னிரண்டாம் குழியில் மட்டும் ஐந்து கல் கிடந்தது. குன்றுக்கு இரண்டு பக்கமும் ஒரே சரிவாக இருக்க வேண்டும், இந்த ஐந்து எப்படி வந்தது என்று யோசித்தான். வயிறு பசித்தது, வீட்டுக்குப் போய்விட்டான்.

ராஜாத்தியின் வயிறு தெரிய ஆரம்பித்தபோது பிள்ளை என்றுதான் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அவளுடைய அம்மா மொக்கம்மாள் வாய்க்கு ருசியாக ஆக்கிக் கொண்டுவந்து கொடுத்தாள். மாசம் ஏறியும் வயிற்றுக்குள் அசைவில்லை. மருத்துவச்சி இருளம்மாள் தொட்டுப் பார்த்துவிட்டு, இது என் கைக்கு அடங்காது என்றாள். மதுரைக்கு ரயிலேறிப் போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். டாக்டரம்மா, இது கட்டி என்றாள். விட்டால் வருஷம் தாங்காது, அறுத்து எடுத்துவிடலாம், பத்துப் பேருக்குச் செய்தால் ஒன்பது பேர் நடந்தே வீட்டுக்குப் போகிறார்கள் என்றாள்.

பத்தில் ஒன்பது. வேலுச்சாமிக்கு அந்த வார்த்தையைக் கேட்டதும் பாதி உயிர் திரும்பி வந்தது. குன்றின் நடுவயிறு முழுக்கப் பிழைக்கிற பக்கம் அல்லவா இருக்கிறது. அன்றைக்கே படுக்கையில் சேர்த்துவிடலாம் என்றான். ராஜாத்தி மாட்டேன் என்றுவிட்டாள்.

"ஆத்தா சொல்லாம நான் கத்திக்குக் கீழ படுக்க மாட்டேன் மச்சான். பூசாரி மக நானே மீறுனேன்னா ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு சொல்றதுக்கா உசுர விடப்போற?"

"ஊர விடுங்க. எனக்குப் பயமா இருக்கு. ஆத்தா ஒரு வார்த்த சொல்லிட்டான்னா பயம் போயிரும். அவ்வளவுதேன்."

ஊருக்குத் திரும்பியதும் முத்துக் கேட்க ஆரம்பித்தார்கள். முதல் வெள்ளி ஆறு. அடுத்தது ஐந்து. பிறகு ஏழு. மறுபடியும் ஆறு. வேலுச்சாமி அவளைக் குழிகளின் பக்கத்தில் உட்கார வைத்து, கதிர்க் கதையெல்லாம் சொல்லி, இது பேசுகிறதும் இல்லை பேசாமல் இருக்கிறதும் இல்லை, புளியங்கொட்டை விழுகிற வாகு என்று புரிய வைக்கப் பார்த்தான். அவள் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "விழுகுறது கொட்டதேன். விழ வைக்கிறது யாரு?" என்றாள். அவனுக்குக் கோபம் வந்தது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்த விதத்தைப் பார்த்ததும் கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை எட்டு விழுந்தது. ஒரே ஒரு முத்துக் குறைவு. சுளகைச் சுற்றி நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். ராஜாத்தி எட்டாம் குழியில் கல்லைப் போட்டுவிட்டு, "இன்னுங் கொஞ்சந்தேன், அடுத்த வெள்ளி சொல்லிருவா" என்று அவனுக்கே ஆறுதல் சொன்னாள். முந்தைய முத்துக்கும் அடுத்த முத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, எட்டுக்குப் பிறகு நான்கும் விழலாம் என்று அவனுக்குத் தெரியும். அடுத்த வெள்ளி ஐந்து விழுந்தது.

அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கால் வீங்கிவிட்டது. ஒச்சாண்டி மகளைப் பார்ப்பதைத் தவிர்த்துக்கொண்டு கோவிலிலேயே கிடந்தார். இப்படியே விட்டால் ஆத்தா பேசுவதற்குள் கேட்பதற்கு ஆள் இருக்காது என்று வேலுச்சாமிக்குத் தெரிந்துவிட்டது.

பண்ணையில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், வாய்க்கால் படிக்கட்டில் உட்கார்ந்து புளியங்கொட்டைகளை உரச ஆரம்பித்தான். இரண்டு பக்கமும் உரசினான். எல்லாவற்றையும் இப்படி உரச வேண்டுமா என்று முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தான். ஆறை மட்டும் இரண்டு பக்கமும் வெள்ளையாக்கினால் ஒன்பதோ பத்தோ விழும், பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வராது. ஆனால் ஏழும் விழலாம், எட்டும் விழலாம். ஒரு எட்டை அவன் பார்த்தாயிற்று. இன்னொரு எட்டைத் தாங்க அவனால் முடியாது. ஒன்பதை உரசினால் போதும் என்றும் தெரியும், ஒன்பதோடு நிறுத்த மனசு வரவில்லை. பன்னிரண்டையும் உரசினான். விரல் நுனியில் தோல் போயிற்று.

வியாழக்கிழமை சாயங்காலம் விளக்குப் போடுகிற சாக்கில் போய், கோவிலில் தொங்கிய மஞ்சள் பையிலிருந்த முத்துக்களை எடுத்துக்கொண்டு தன்னுடையதைப் போட்டுவைத்தான். ஆத்தா சிலையை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் உச்சிப்பொழுதில் ஒச்சாண்டி பைக்குள் கைவிட்டு முத்துக்களை அள்ளினார். அள்ளிய கை ஒரு நொடி நின்றது. கண்ணை மூடிக்கொண்டார். கும்பிடுகிறார் என்று வேலுச்சாமி நினைத்தான். பிறகு வழக்கத்தைவிட அதிக நேரம் குலுக்கிவிட்டுச் சுளகில் போட்டார்.

பன்னிரண்டும் வெள்ளை.

பெண்கள் குலவையிட்டார்கள். மொக்கம்மாள் பாறையில் நெடுக விழுந்து கும்பிட்டாள். யாரும் கிட்டே வருவதற்குமுன் ஒச்சாண்டி முத்துக்களைக் கூட்டி அள்ளி மடியில் கட்டிக்கொண்டார். ராஜாத்தி தானே நடந்துபோய்ப் பன்னிரண்டாம் குழியில் கல்லைப் போட்டாள். மாதக்கணக்கில் அவள் முகத்தில் பார்க்காத சிரிப்பு அன்றைக்கு இருந்தது. "ஆறாவது கல்லு என்னுது" என்று கண்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது, தான் செய்தது தப்பே இல்லை என்று வேலுச்சாமி நிம்மதியாக மூச்சுவிட்டான்.

தேனியில் ரயிலேறினார்கள். மொக்கம்மாளும் ஒச்சாண்டியும் எதிர்ப்பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். ராஜாத்தி ஜன்னலோரம் சாய்ந்துகொண்டு, வைகையையும் தென்னந்தோப்பையும் வேடிக்கை பார்த்தபடி வந்தாள். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டியபோது அவன் பக்கம் திரும்பினாள்.

"ஏன் மச்சான், பத்துல ஒம்பது பேரு நடந்து வீட்டுக்குப் போவாகன்னு அந்தம்மா சொன்னாகள்ல. மிச்சம் ஒண்ணு யாருன்னு உங்க குன்னப் பாத்தாத் தெரியுமா?"

"அது நீ இல்ல."

"அது எப்படித் தெரியும்?"

"தெரியும். பேசாம வா."

அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்கிற மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கட்டியை முழுசாக எடுத்துவிட்டார்கள். முதல் நாள் கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள். இரண்டாம் நாள் அம்மாவிடம் தலை சீவிவிடச் சொன்னாள். மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. அது இறங்கவே இல்லை.

டாக்டரம்மா அழுதுவிடுவாள் போலிருந்தாள். "எங்களால ஆனதெல்லாம் பாத்தோம்ப்பா. எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் செய்யறோம். ஆயிரத்தெட்டுப் பேர் பொழைச்சுப் போறாங்க. சில பேருக்கு இப்படி ஆயிடுது. யாருக்கு ஆகும்னு எங்களுக்கு முன்னாடி தெரியறதில்லை."

வைகைக் கரையிலேயே காரியத்தை முடித்துவிட்டு, அவளுடைய சேலைத் துணி மூட்டையோடு மூன்று பேரும் ரயிலேறினார்கள். வருகிற வழி முழுக்க மொக்கம்மாள் அந்த மூட்டையை மடியிலிருந்து இறக்கவில்லை. வேலுச்சாமியின் காதில் ஒரே ஒரு வார்த்தைதான் ஓடிக்கொண்டிருந்தது. அது நீ இல்ல. எந்த ஆத்தா வந்து இவனிடம் சொல்லிவிட்டுப் போனாள்? குன்று கூட்டத்தைப் பற்றித்தான் சொல்லும், கூட்டத்துக்குள் இருக்கிற ஒருத்தியைப் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது. இதை அவன் பண்ணையில் கற்றுக்கொண்டிருந்தான். கற்றதை ராஜாத்தி விஷயத்தில் மட்டும் மறந்துவிட்டு, இன்னொரு சாமியைக் கும்பிடுவது போலப் பத்தில் ஒன்பதைக் கும்பிட்டிருக்கிறான்.

ஊர் வேறு மாதிரி பேசியது. பன்னிரண்டு வெள்ளை என்றால் லேசுப்பட்டதா, ஆத்தா தன்கிட்டே வா என்று கூப்பிட்டிருக்கிறாள், நமக்குத்தான் அர்த்தம் தெரியவில்லை என்றார்கள். துக்கம் கேட்க வந்த பக்கத்து வீட்டு அய்யம்மாள் இதையே அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "கொடுத்துவச்ச பிள்ளப்பா. ஆத்தாளே கூப்புட்டிருக்கா." அவன் உரசிய கொட்டை ஆத்தாளின் வாய்மொழியாகிவிட்டது. இந்தப் பொய்யைத் தூக்கிக்கொண்டு அந்த ஊரில் எப்படி நடமாடுவது என்று அவனுக்கு விளங்கவில்லை.

கருமாதி முடிந்த மறு வெள்ளிக்கிழமை, ஆட்கள் வருவதற்கு முன்னால், பழைய முத்துக்களை எடுத்துக்கொண்டு கோவிலுக்குப் போனான். திருப்பி வைத்துவிட்டு, மாமனார் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தான். மஞ்சள் பைக்குள் கைவிட்டான். பை காலியாக இருந்தது.

"அங்கன எதுக்குத் தேடுற மாப்ள? எங்கிட்டல்ல இருக்கு."

ஒச்சாண்டி குழிகளுக்குப் பக்கத்தில் பாறையில் உட்கார்ந்திருந்தார். மடியை அவிழ்த்து, இரண்டு பக்கமும் வெளுத்த பன்னிரண்டு முத்துக்களைக் காட்டினார். வேலுச்சாமி அவர் எதிரே உட்கார்ந்துவிட்டான்.

"உங்களுக்கு எப்பத் தெரியும் மாமா?"

"கையில எடுத்ததுமே தெரிஞ்சது. ரெண்டு பக்கமும் உரசுன முத்து கனமே இருக்காதுல்ல."

"தெரிஞ்சுமா போட்டீக?"

"தெரிஞ்சுதேன் போட்டேன். நீயாச்சும் செய்ய மாட்டியான்னு வெள்ளிக்கு வெள்ளி பாத்துக்கிட்டே இருந்தேன். எனக்கு ரெண்டாந்தடவ தைரியம் வரல."

வேலுச்சாமிக்கு முதலில் புரியவில்லை. ஒச்சாண்டி பன்னிரண்டாம் குழிப் பக்கம் கையைக் காட்டினார்.

"அதுல ஒண்ணு என்னுது. உங்க அத்த வயித்துக்குள்ள ராஜாத்தி குறுக்க கெடந்தா. மதுரைக்குக் கொண்டுபோயிக் கத்தி வச்சாத்தேன் ஆச்சுன்னு மருத்துவச்சி சொல்லிட்டா. அப்பல்லாம் ஏது ரயிலு, வண்டி கட்டித்தேன் போகணும். எங்க அய்யா பூசாரி. முத்துப் போட்டாக, ஆறு விழுந்துச்சு. மறு வெள்ளிக்கு நான் முத்த மாத்தி வச்சேன். பன்னெண்டும் வெள்ள. அவுகளுக்குத் தெரியாதுன்னு ரொம்ப வருசம் நெனச்சுக்கிட்டு இருந்தேன். சாகக் கெடக்கயில எங்கிட்டச் சொன்னாக, கையில எடுத்ததுமே தெரிஞ்சதுலே ஒச்சாண்டின்னு."

வெளுத்த முத்துக்களை மறுபடி மடியில் முடிந்துகொண்டார்.

"அன்னைக்கு உங்க அத்தையும் பொழச்சு வந்தா, பிள்ளையும் பொழச்சு வந்துச்சு. அதனாலதேன் மாப்ள. இந்தத் தடவையும் அப்படித்தேன் வருவான்னு நெனச்சுட்டேன்."

கிழவர் துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். அவர் அழுது வேலுச்சாமி அதுவரை பார்த்ததில்லை. மகளைப் பறிகொடுத்த அன்றுகூட அவர் மொக்கம்மாளைத் தேற்றுவதிலேயே இருந்தார்.

வேலுச்சாமி வரிசையாகக் கிடந்த குழிகளைப் பார்த்தான். சின்னக்கருப்பு பொறுக்கி வந்த கதிர்கள் ஞாபகம் வந்தன. இந்த ஓரத்தில் கூட்டம் ஜாஸ்தி, யாரோ கை வைத்திருக்கிறார்கள். ஐந்து கல் எப்படி வந்தது என்று அன்றைக்கு யோசித்துவிட்டுப் பசிக்குப் போனவன் அவன். இதே பாறையில் அவனைப் போலவே எவனோ, எவளோ, வீட்டில் சாகக் கிடந்த உயிருக்காகக் கொட்டையை உரசியிருக்கிறார்கள். ஒன்பது போதும் என்று அவர்களுக்கும் தெரியும். ஒன்பதோடு நிறுத்த ஒருவருக்கும் மனசு வரவில்லை, பன்னிரண்டையும் உரசியிருக்கிறார்கள்.

"மத்த நாலு யாருது மாமா?"

"தெரியாது. அவுக பொழச்சாகளா இல்லையான்னும் தெரியாது. யாரு சொல்லப்போறா?"

"உங்க கல்லு எது?"

"ஆத்துக் கல்லுல என்ன அடையாளம் இருக்கு?"

வேலுச்சாமி எழுந்துபோய்ப் பன்னிரண்டாம் குழியின் முன்னால் குந்தினான். ஒன்று மாமனாருடையது, அது ராஜாத்தி பிறப்பதற்குப் போட்டது. ஒன்று ராஜாத்தி தன் கையாலேயே போட்டது. அதையாவது எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். இடையில் பெய்த மழை எல்லாக் கல்லையும் கழுவி ஒரே நிறமாக்கி வைத்திருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மிச்சம் ஒண்ணு யாருன்னு உங்க குன்னப் பாத்தாத் தெரியுமா என்று அவள் கேட்டது நினைவுக்கு வந்ததும், ஆத்தா முன்னால் வாய்விட்டு அழுதான்.

கீழே பாதையில் முத்துக் கேட்க வருகிறவர்களின் பேச்சுச் சத்தம் கேட்டது. ஒச்சாண்டி முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவனிடமிருந்து பழைய முத்துக்களை வாங்கிப் பையில் போட்டார். எது அவளுடையது என்று தெரியாமல் வேலுச்சாமி ஆறு கல்லையும் அள்ளி மடியில் கட்டிக்கொண்டான். குழி காலியாவதைப் பூசாரி பார்த்துக்கொண்டுதான் இருந்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை.